வானூர்தி வருமுன் வாய் திற

கேள்வி: எங்கள் ஓசூரில் விமான நிலையம் வரப்போகிறதே, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சத்தத்தைப் பற்றிப் பேசினால் யார் காதில் விழும்?
– வாசகி, ஓசூர்

பதில்: விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு கத்தினால்தான் யார் காதிலும் விழாது! 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தேவை. அந்த மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுப் போங்கள். நள்ளிரவில் எத்தனை விமானம், எந்த ஊர் மேலே, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மக்கள் விமானச் சத்தத்தை எதிர்த்து விடாமல் போராடினார்கள். இரவு 11 முதல் காலை 5 வரை வழக்கமான விமானங்களுக்குத் தடை வந்தது. 2012-இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஓடுபாதையைக் காகிதத்தில் திருப்புவது எளிது. கான்கிரீட் போட்டபின் முடியாது. தவறாமல் போய்ப் பேசுங்கள்.