கறவை மாடுகளையும் வாடிவாசலில் அவிழ்க்க அனுமதி கோரி

பெறுநர்: இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை, சென்னை.

பொருள்: குடுமியான்மலை வட்டாரத்துப் பசுக்களையும் வெள்ளாடுகளையும் ஜல்லிக்கட்டுக் காளைகளாகக் கருதி ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

நோய் வருமுன்பே மருத்துவர் நிறுத்தி நிதானமாகப் பார்க்கும் பாக்கியம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே ஒரு பிராணிக்குத்தான் வாய்த்திருக்கிறது. தை பிறக்கும் முன்பே தச்சங்குறிச்சியில் தொடங்கிவிடும் ஜல்லிக்கட்டில், உடற்தகுதிச் சான்று இல்லாத காளை களத்துக்குள் நுழைய முடியாது. காயம் உண்டா, நோய்க்குறி உண்டா, சாராயம் ஏதும் உள்ளே போயிருக்கிறதா என்று தங்கள் துறையின் மருத்துவர்களே சோதிக்கிறார்கள். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. பரிசோதனை இல்லாமல் ஒன்றையும் அவிழ்க்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. சில நொடி ஓடும் காளைக்கு இவ்வளவு என்றால், வருடம் முழுக்கக் குடும்பத்தைத் தாங்கும் பசுவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததன் விளைவே இந்த மனு.

பசுவை யாரும் மறக்கவில்லை என்பீர்கள். உண்மைதான். 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2030-க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு. திட்ட ஏட்டில் குற்றம் காண எங்களால் முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி, காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு, ஊசிக்கு ஒரு மாதம் முன்பு குடற்புழு நீக்கம், கன்றுக்கு நாலாம் மாதத்தில் முதல் ஊசி, அடுத்த மாதம் ஊக்க ஊசி. சிக்கல் என்னவென்றால், ஊசி முகாம் நாட்காட்டியைப் பார்த்து வருகிறது. கன்று அப்படிப் பிறப்பதில்லை. முகாம் நாளில் மூன்று மாதமான கன்று அடுத்த முகாமுக்குள் ஒன்பது மாதமாகிவிடும். அதற்குள் தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி கரைந்துபோகும். ஊக்க ஊசிக்கோ யாராவது மறுபடி வர வேண்டும். புழு மண்டிய வயிற்றோடு இருக்கும் மாட்டுக்குப் போடும் ஊசியும் முழுப்பலன் தராது. ஆனால் செய்திக் குறிப்பில் இடம்பிடிப்பது போட்ட ஊசிகளின் எண்ணிக்கைதான். வெளியேறிய புழுக்களுக்கு விளம்பரம் ஏது?

வெக்கை நோயை ஊசி போட்டே ஒழிக்கவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உலகத்தை விட்டே அது போனதாக 2011-ல் அறிவித்தார்கள், சாதனைதான். ஆனால் அந்த நோய்க்கு ஒரே ஊசி ஆயுளுக்கும் காவல். கோமாரி ஊசியின் காவல் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. ஆகவே கோமாரியை விரட்ட முகாம் மட்டும் போதாது. தொழுவத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பழக்கம் வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இருக்கிறதே என்றால், நோய் வந்தபின் 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம். நோய் வராமலிருக்க எந்த எண்ணைக் கூப்பிடுவது?

விவசாயிகளே ஊசிக்கு மாட்டைப் பிடித்துக் கொடுப்பதில்லை என்ற தங்கள் புகாரில் நியாயம் உண்டு. ஊசி போட்டால் சில நாள் காய்ச்சல் அடிக்கும், பால் குறையும். கறப்பவர் கை அதைத்தான் கணக்கெடுக்கும். ஆனால் அதே விவசாயி காளையை வண்டியேற்றிக்கொண்டுபோய் வரிசையில் நிற்கிறாரே, ஏன்? சான்று இல்லாவிட்டால் வாடிவாசல் இல்லை. பசுவின் ஆரோக்கியத்துக்கு அப்படியொரு மரியாதையை யாரும் கட்டி வைக்கவில்லை. சொசைட்டியில் பாலைச் சோதித்துத்தான் விலை போடுகிறார்கள். அதைச் சுரந்த மடியில் வெளியே தெரியாத மடிநோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டும் சில சொட்டு மருந்தும் போதும். ஆடுகளுக்கும் அப்படித்தான்: ஆட்டுக்கொல்லிக்கு ஒரு ஊசி மூன்று வருடம் தாங்கும். மழை பெய்து இளம்புல் முளைக்குமுன் துள்ளுமாரி ஊசி போட்டால், காலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி சாயங்காலம் செத்துக்கிடப்பது பெருமளவு குறையும். இவையெல்லாம் விலையுயர்ந்த வைத்தியமல்ல, நேரத்துக்கு நடக்க வேண்டியவை.

ஆள் பற்றாக்குறை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். ஐயாயிரம் கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மை ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டதால், இந்தப் பதிலைக் கொஞ்சம் பழைய சரக்காகவே எடுத்துக்கொள்கிறோம். இத்தனைக்கும் குடுமியான்மலையில் பயிருக்கு அண்ணா பண்ணை உண்டு, 2014 முதல் வேளாண் கல்லூரியும் உண்டு. மண்ணுக்கு மண்வள அட்டை, காளைக்குச் சான்று, பசுவுக்கு மட்டும் தோடு.

எனவே எங்கள் வட்டாரத்துக் கறவை மாடுகளையும் ஆடுகளையும் வருடத்தில் நான்கு நாள் ஜல்லிக்கட்டுக் காளைகளாக அறிவித்து, அந்த நாள்களில் அவற்றையும் சோதித்துச் சான்று வழங்குமாறு வேண்டுகிறோம். ஓடச் சொல்ல வேண்டாம். பரிசாகப் பீரோவோ மோட்டார் சைக்கிளோ வேண்டாம்; புழு மருந்து போதும். கன்றுகளுக்கு முகாம் தேதியை அல்ல, பிறந்த தேதியைப் பார்த்து ஊசி போட்டால் கூடுதல் நன்றி.

இப்படிக்கு,
குடுமியான்மலை வட்டாரக் கால்நடைகளின் சார்பில், கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவர்.

பின்குறிப்பு: கோழிகளை மனுவில் சேர்க்கவில்லை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கென்று பிப்ரவரியில் இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதுவும் தவறினால், சேவற்சண்டைக்கு அனுமதி கேட்டுத் தனியே எழுதுகிறோம்.