மிச்சத்தைச் சிந்தாதே, பேராண்டி!

என்ன பேராண்டி, மூஞ்சி தொங்கிப்போச்சு? 7-ஐ அடிமானமா வச்சு 100-க்கு மடக்கை பார்க்கணும், அதாவது 7-ஐ எத்தனையாவது அடுக்குக்கு ஏத்தினா 100 வரும்னு கண்டுபிடிக்கணும், கால்குலேட்டர்ல அதுக்குப் பொத்தான் இல்லையாக்கும்? பொத்தான் இல்லாட்டி புத்தியுமா இல்லாமப் போச்சு? ‘லாக் 100-ஐ லாக் 7-ஆல வகுத்துடு’ன்னு உங்க வாத்தியார் சொல்லியிருப்பாரு. சரிதான். அந்த ரெண்டு லாக்கும் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா மட்டும், மாட்டையே பார்க்காமப் பால் குடிச்ச பட்டணத்துப் பிள்ளையாட்டம் முழிப்பே.

களத்துல நெல் அளக்கிறதைப் பார்த்திருக்கியா? மரக்காலால அளந்தா மிச்சம் கொஞ்சம் விழும். அந்த மிச்சத்தைப் பத்து மடங்காக்கி மறுபடி அளந்தா, புள்ளிக்குப் பின்னாடி முதல் இலக்கம். மடக்கையும் இதே அளவைதான். அங்கே கழிக்கிறே, இங்கே வகுக்கணும். அங்கே பத்தால பெருக்குறே, இங்கே பத்தாம் அடுக்குக்கு ஏத்தணும். அம்புட்டுதேன்!

100-ஐ 7-ஆல வகுத்துக்கிட்டே வா. 7-க்குக் கீழே வந்ததும் நிறுத்து. ரெண்டு தடவை வகுபட்டு 2.0408 மிஞ்சுது. ஆக, புள்ளிக்கு முன்னாடி 2. மிஞ்சினதைப் பத்தாம் அடுக்குக்கு ஏத்து: 1253. அதை 7-ஆல மூணு தடவை வகுக்கலாம், மிச்சம் 3.65. அப்போ 2.3. மறுபடி பத்தாம் அடுக்கு: நாலு லட்சத்தைத் தாண்டும், ஆறு தடவை வகுபடும். 2.36. ஒரு தடவைகூட வகுபடாட்டி கூச்சப்படாம சுழியத்தை எழுது. அதுவும் ஒரு இலக்கந்தான்.

உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும். 2.0408-ஐ ‘கிடக்கு போ’ன்னு 2.04-ஆ வெட்டிருவே. பத்தாம் அடுக்கு 1248-ன்னு வரும். 5 காணாமப் போயிரும்! ஒவ்வொரு சுத்துக்கும் பிழை பத்து மடங்கு குட்டி போடும். கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு வேகமில்ல.

லண்டன்ல ஹென்றி பிரிக்ஸுன்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. 1615-ல எடின்பரோவுக்கே போய், மடக்கையைக் கண்டுபிடிச்ச நேப்பியரைப் பார்த்துட்டு வந்தவரு. பொத்தானில்லாத காலத்துல, 10-க்கு வர்க்கமூலம், அதுக்கு வர்க்கமூலம்னு 54 தடவை எடுத்தாரு. அதை வச்சு அவரு கணக்குப் போட்டதுல, 1624-ல 14 இலக்கச் சுத்தமா முப்பதாயிரம் எண்ணுக்கு மடக்கை அச்சுல வந்துச்சு. நீ மூணாவது இலக்கத்துலயே கொட்டாவி விடுறே!

இன்னொண்ணு: பெரிய மேதாவின்னு காட்டிக்க 1-ஐ அடிமானமா வச்சுராதே. அது ஊர்ப் பெரிய மனுசன் வாக்குறுதி மாதிரி, எத்தனை தடவை பெருக்கினாலும் இருந்த இடத்துலயே நிக்கும்.

பத்து இலக்கம் சரியா வேணும்னா, பன்னெண்டு பதிமூணு இலக்கமாவது கையில வச்சுத் தொடங்கு. இப்போ போய் 2.36-க்கு அடுத்த இலக்கத்தைக் கொண்டா. 6 வராட்டி, எங்கே சிந்தினேன்னு தேடிப் பாரு.