நூறு ரூபாய்ச் சமத்துவம்

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் சிரிப்பவர்கள், ஒருமுறை பெங்களூரு கோரமங்களாவில் இருக்கும் கேந்திரிய சதனுக்குப் போய்வரலாம். கர்நாடகக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் அங்கேதான். ஆண்டுக் கணக்கையோ ஆண்டறிக்கையையோ கெடு தாண்டித் தாக்கல் செய்தால், ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். பானஸ்வாடியில் படுக்கையறையையே அலுவலகமாக்கி, 10,000 ரூபாய் மூலதனத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் 100. ஒரு காலத்தில் 2,200 கோடி டாலர் பெறும் என்று பேசப்பட்ட இணையக் கல்விக் கம்பெனி பைஜூஸுக்கும் அதே 100. இப்பேர்ப்பட்ட சமத்துவத்தை நம் ஊர் சுடுகாட்டில்கூடப் பார்க்க முடியாது.

பைஜூஸின் 2021-22 கணக்கு 2024 ஜனவரியில்தான் முழுசாக வெளியே வந்தது. நஷ்டம் 8,245 கோடி. கணக்கே கைக்கு வரவில்லை என்று டெலாய்ட் 2023 ஜூனிலேயே விலகிவிட்டது. ஆடிட்டர் இல்லாத குறை அங்கே இல்லை. உலகத்தின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. ஒரு படிவம் ஒரு வருடம் தாமதமானால் கூடுதல் கட்டணம் 36,500 ரூபாய். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது டீச்செலவு. பானஸ்வாடித் தம்பதிக்கோ ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ என்று இரண்டு படிவமும் சேர்ந்து 73,000. போட்ட மூலதனத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல். 2018 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு; உச்சவரம்பு கிடையாது. அபராத உத்தரவு வந்தால் அது தனி.

"ஆடிட்டரே வேண்டாம், நம்ம கணக்கை நாமே பார்த்துக்கலாம்" என்று அந்தத் தம்பதி ஒருநாள் பேசிக்கொண்டால் அதில் என்ன தப்பு? மாதம் நாலு இன்வாய்ஸ், ஒரு இணையச் சேவைக் கட்டணம், ஒரு லேப்டாப் தேய்மானம். அதுவும் இது டேலி பிறந்த ஊர். வாங்குகிற மென்பொருள் எதுவும் சரிப்படவில்லை என்று ஒரு வியாபாரத் தகப்பன் கணக்குப் படித்த மகனை உட்கார வைத்து எழுதச் சொன்னதுதான் டேலி. 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கினார்கள். தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ள ஒரு குடும்பம் செய்துகொண்ட வேலைக்காக மகனுக்கு 2020-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தாயிற்று.

விருது கொடுத்த அதே நாட்டில், ஒரு ரூபாய்கூட வரவில்லாத கம்பெனிக்கும் ஆடிட் கட்டாயம். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். வரவு பூஜ்யம், செலவு ஆடிட்டர் ஃபீஸ். அந்தச் செலவு சரிதானா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் அதே ஆடிட்டர். எல்எல்பி என்ற கூட்டாண்மையாகப் பதிவு செய்திருந்தால் 40 லட்சம் விற்றுமுதல் வரை, முதலீடு 25 லட்சத்துக்குள் இருந்தால், ஆடிட் வேண்டாம். கம்பெனிச் சட்டத்தை நமக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டனிலேயே சின்னக் கம்பெனிகளுக்கு ஆடிட் விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் சட்டத்தை அவன் தளர்த்திவிட்டான், நாம்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

2021 செப்டம்பரில், சின்னக் கம்பெனிகளுக்கு இந்தத் தணிக்கை தேவைதானா என்று என்எஃப்ஆர்ஏ ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. தணிக்கைத் தரத்தைக் கண்காணிக்க அரசே அமைத்த ஆணையம் அது. பட்டயக் கணக்காளர்களின் நிறுவனமான ஐசிஏஐ எதிர்த்தது. எதிர்க்காமல் என்ன செய்யும், அவர்கள் சோறு அது. அதில் எனக்குக் கோபமில்லை. கேட்ட கேள்வியை இத்தனை வருடமாகக் கிடப்பில் போட்ட அரசாங்கத்தின் மேல்தான்.

ஆடிட்டாவது வருடத்துக்கு ஒரு தடவை. மீட்டிங் இருக்கிறதே! சின்னக் கம்பெனிக்குச் சலுகையாக, அரையாண்டுக்கு ஒரு போர்டு மீட்டிங் போதும். புருஷன் பெண்டாட்டிக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இருவரும் சமையலறை மேஜையில் கூடி, புருஷனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, கோரம் இருக்கிறது என்று பதிவுசெய்து, பக்க எண் போட்ட மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் நோட்டீஸ். காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவில்தான் நடத்தலாம். தேசிய விடுமுறை நாளில் கூடாது. காந்தி ஜெயந்தியன்று இருவரும் வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்பதெல்லாம் செல்லாது. அவசரமென்றால், குறுகிய நோட்டீஸில் புருஷன் பேசுவதைக் கேட்கச் சம்மதம் என்று பெண்டாட்டி எழுதிக் கொடுக்கலாம்.

வாசலில் பெயர்ப்பலகை வேறு. ஊர் மொழியிலும் இருக்க வேண்டும், அதாவது கன்னடத்திலும், அது நியாயம்தான். அடுக்குமாடிச் சங்கம் வாடகைக்காரர் கதவில் ஆணி அடிக்க விடுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 2019-இல் ஒரு புதுப் படிவம் வந்தது. கட்டடத்தின் வெளிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து, உள்ளே ஒரு டைரக்டர் நிற்பதுபோல இன்னொன்று எடுத்து அனுப்பச் சொன்னார்கள். போலிக் கம்பெனிகளைப் பிடிக்கவாம். போலிக்காரனுக்கா சுவரும் டைரக்டரும் கிடைக்காது? வாடகைக்கு இரண்டுமே கிடைக்கும் ஊர் இது.

அரசாங்கம் தாமதித்தால்? பெங்களூரின் இன்ஃபோசிஸ் கட்டிய வருமானவரி போர்ட்டல் 2021 ஜூன் 7 அன்று திறந்தது, திறந்தவுடன் படுத்தது. திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 4,242 கோடி. ஆகஸ்டில் இன்ஃபோசிஸின் தலைமை அதிகாரியையே டெல்லிக்கு வரவழைத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் பக்கம் திறக்காமல் விழித்திருந்தவனுக்கு யாரும் நாளுக்கு 100 ரூபாய் தரவில்லை.

சரி, வேண்டாம், மூடிவிடலாம் என்றால் அதற்கும் படிவம். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை கம்பெனி பிறக்க மத்திய அரசின் பதிவுக் கட்டணம் பூஜ்யம். 'எளிதாகத் தொழில்' என்று மேடை மேடையாகப் பேசியது அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான். சாக 10,000 ரூபாய். பானஸ்வாடித் தம்பதி போட்ட மூலதனம் அப்படியே அடக்கச் செலவுக்குச் சரி. அதற்கு முன்னால் பாக்கிப் படிவங்களை முடிக்க வேண்டும், நாளுக்கு நூறு சேர்த்து.

உச்சவரம்பு வைக்க முடியாதா? டிடிஎஸ் ரிட்டர்ன் தாமதமானால் வருமானவரித் துறை நாளுக்கு 200 ரூபாய் போடுகிறது. ஆனால் பிடித்த வரித்தொகையைத் தாண்டாது. அங்கே முடிகிறது. கம்பெனித் துறையில் மட்டும் முடியவில்லை. இரண்டு துறைக்கும் அமைச்சர் ஒருவரே, நிர்மலா சீதாராமன். மதுரையில் பிறந்தவர், கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர். விற்றுமுதல் இல்லாத கம்பெனிக்கு ஆடிட் விலக்கு, தாமதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, இந்த இரண்டையும் கேட்டு பெங்களூர்த் தமிழர்கள் அவருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், படிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.