மிக்சிங் சிஸ்டம் உறுப்பிலக்கணம்

சங்கரன்கோவிலுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்களில் ஒருவன் சிவனே பெரியவர் என்றான். மற்றவன் திருமாலே பெரியவர் என்றான். தீர்ப்பு கேட்டுக் கோமதி அம்மனிடம் போனார்கள். அம்மன் தபசிருக்க, இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தார் என்பது தலவரலாறு. அத்தோடு வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள், கல்யாண வீடியோ மிக்சிங் செய்யும் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்காதவர்கள். அங்கே சங்கன் இன்டெல் என்கிறான், பதுமன் ஏ.எம்.டி. என்கிறான். இந்த ஆய்வு அந்த மேல்முறையீட்டைப் பற்றியது.

ஆய்வெல்லை: காசு குறைவாக இருக்கும்போது வீடியோ எடிட்டிங்குக்குக் கணினி வாங்குதல். காசு நிறைய இருப்பவர்களுக்கு இலக்கணம் எதற்கு என்று அவர்களை விலக்கியாயிற்று. பட்ஜெட் என்பது யாதோ எனின், வீட்டில் சொன்ன தொகைக்கும் பில்லில் வந்த தொகைக்கும் நடுவே நின்று, இரண்டிலும் சேராதது என்க.

இனி காலப் பகுப்பு. கேசட் காலம், மினி டிவி காலம், எஸ்.எல்.ஆர். காலம், மிரர்லெஸ் காலம் எனத் துறை நான்காகும். மினி டிவி (MiniDV) டேப் 1995இல் வந்தது. நொடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேர டேப் கணினிக்குள் இறங்கினால் சுமார் 13 ஜிபி. இறக்கவும் சரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் மிக்சிங் அண்ணாச்சி டீக்குப் போவார். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. அதன்பின் மாப்பிள்ளை தெளிவாகவும் பின்னால் நின்ற தாய்மாமன் மங்கலாகவும் தெரியலானார்கள். இன்று மெமரி கார்டிலிருந்து காப்பி செய்ய நிமிடங்கள் போதும். ஆனால் டைம்லைனில் போட்டு ஓடவிட்டால் படம் சிக்கிச் சிக்கி நிற்கிறது. அண்ணாச்சி மீண்டும் டீக்குப் போகிறார். நான்கு காலங்களிலும் மாறாத தரவு இந்த டீ ஒன்றே.

ஏன் சிக்குகிறது? 4கே படத்தின் ஒரு ஃபிரேமில் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 25 எம்பி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 622 எம்பி. ஒரு தாலிகட்டுக்கே டிஸ்க் நிறைந்துவிடும். அதனால் கேமரா எச்.264, எச்.265 என்ற முறைகளில் சுருக்குகிறது: ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் எழுதுகிறது. மணமகள் தலைகுனிந்து அசையாமல் இருக்கும்வரை கேமராவுக்கு வேலை குறைவு. எடிட் செய்பவருக்கு நடுவில் ஒரு ஃபிரேம் வேண்டுமென்றால், கணினி முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். கத்தரி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இதே பாடு. ஆக, மிக்சிங் கணினியின் தலையாய வேலை பிரித்தெடுத்தல். இதைக் கேட்காமல் "எத்தனை கோர்?" என்று கேட்பதே முதற்பிழை.

பிரித்தெடுப்பதற்கென்றே ஒரு தனிச் சுற்றை இன்டெல் 2011 முதல் தன் பிராசசருக்குள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் வைத்து விற்கிறது. குயிக் சிங்க் என்று பெயர். நம் ஆய்வின் கதாநாயகன் இவன். பெட்டியின்மேல் பெயர்கூடப் பெரிதாக இருக்காது. இங்கேதான் விகுதிப் புணர்ச்சி விளையாடுகிறது. ஐ5-12400 என்பது பகுதி. அதன் கடைசியில் எஃப் என்னும் விகுதி சேர்ந்தால் விலை சற்றுக் குறையும். கூடவே உள்ளிருக்கும் கிராபிக்ஸும் கெடும், குயிக் சிங்க்கும் கெடும். "தனியா கிராபிக்ஸ் கார்டு போடுறோம்லா, உள்ளுக்குள்ள எதுக்கு?" எனின், அற்றன்று. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிகின்றன. அந்த வகை எச்.265 கோப்பை இன்டெலின் 11ஆம் தலைமுறைக் கிராபிக்ஸே பிரித்துவிடும். 2022இல் 1,599 டாலருக்கு வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் டிகோடரால் அது முடியாது. என்விடியாவுக்கு அந்த வித்தை 2025இல், 50 வரிசையில்தான் கைகூடியது. காசு மிச்சம் என்று எஃப் வாங்கியவர், பெரிய கார்டு வாங்கிய பிறகும் ஏன் சிக்குகிறது என்று கேட்டு அலைவதன் காரணம் இதுவே. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்க்கு ஒரு பரிகாரம் உண்டு: இன்டெலின் ஆர்க் ஏ380 என்ற சிறிய கார்டு. அதே பிரித்தெடுக்கும் சுற்று அதற்குள்ளும் இருக்கிறது.

இதனால் வழக்கு சங்கன் பக்கம் தீர்ந்தது என்று அவசரப்பட வேண்டாம். பதுமன் கட்சிக்கும் சான்றுகள் வலுவானவை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டு தலைமுறை தலைமுறையாகப் புதுப் பிராசசர்களை ஏற்றது. ரைசன் முதல் வரிசை போட்டவர் போர்டை மாற்றாமலே 5000 வரிசைவரை போனார். இன்டெலில் பிராசசர் மாற்றப் போனால் பெரும்பாலும் போர்டும் மாறும். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்புகளில் சில, மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்ததும், 2024இல் நிறுவனம் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியதும் பதுமன் மனப்பாடமாகச் சொல்லும் பகுதிகள்.

சங்கரநாராயணக் காட்சியும் ஒருமுறை நிகழ்ந்தது. 2018 ஜனவரியில் இன்டெல், தன் பிராசசரையும் ஏ.எம்.டி.யின் ரேடியான் கிராபிக்ஸையும் ஒரே தொகுப்பில் பொருத்தி, கேபி லேக் ஜி என்ற குடும்பத்தை வெளியிட்டது. பாதி இவர், பாதி அவர். தபசிருந்தவர் யார் என்பது ஆய்வுக்குரியது. 2019 அக்டோபரிலேயே நிறுத்த அறிவிப்பு வந்துவிட்டது. நம்மூர் மிக்சிங் கடைகள் அந்தத் திருக்காட்சியைப் பார்க்கவே இல்லை. 2025 செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலரை இன்டெலில் போடுவதாகவும் இருவரும் சேர்ந்து சிப் செய்வதாகவும் அறிவித்திருப்பதால் மூர்த்தம் மாறி மறுகாட்சிக்கு வாய்ப்புண்டு.

எந்த மென்பொருள் என்று கேட்காமல் எந்தக் கார்டு என்று சொல்வது, ராசி கேட்காமல் பரிகாரம் சொல்வது. தமிழ்நாட்டுக் கல்யாண மிக்சிங்கில் வேரூன்றிய எடியஸ், ஜப்பானின் கனோபஸ் நிறுவனத்தில் பிறந்து கிராஸ் வேலி கைக்குப் போனது. அது நெடுங்காலம் பிராசசரையும் குயிக் சிங்க்கையுமே நம்பியது. டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டைத்தான் வாட்டும். அதன் இலவசப் பதிப்பே 4கே வரை படம் தருவதால், மிச்சமாகும் காசைக் கார்டில் போடலாம். பிரீமியர்காரர் இரண்டுக்கும் நடுவே நிற்பார். கார்டைச் செகண்ட்ஸில் வாங்குவோர், 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் தன் முறையை மாற்றியபோது வேலையிழந்து சந்தைக்கு வந்த, நாணயம் தோண்டிய சுரங்கக் கார்டுகளின் மரபையும் நினைவில் கொள்க.

ரேம் 16 ஜிபி கடைநிலை, 32 நடுநிலை. ஒன்றாக வாங்காமல் இரண்டு ஸ்டிக்காக வாங்கினால் வேகம் கூடும். 2025 இறுதியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை ஏறியது. பிள்ளைகள் கேட்ட பூனைப் படத்துக்குக் கல்யாண வீடியோக்காரர் மொய் எழுதியதாகவே இதைக் கொள்ளவேண்டும்.

ஸ்டோரேஜ்: நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவிலும் மொத்தம் பத்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. ஒரு டிபி எஸ்.எஸ்.டி.யில் இரண்டு கல்யாணம். மூன்றாவது கல்யாணம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். முதல் இரண்டின் நகலும் அங்கேயே போகட்டும்.

கண்ணாடிப் பெட்டி, ஏழு வண்ண விளக்கு ஃபேன், உள்ளே ஓடும் நீர்க் குழாய் ஆகியவை மூலப் பிரதியில் இல்லை. பிற்காலக் கேம் விளையாட்டு மரபினர் செய்த இடைச்செருகல் என்று துணியலாம். விசைத்தறிக் கூடத்துப் பஞ்சும் கரிசல் புழுதியும் பறக்கும் ஊரில், முன்பக்கம் கண்ணாடி வைத்து அடைத்த பெட்டி மூச்சுமுட்டும். வலைமுகப்பும் தூசி வடிகட்டியும் உள்ள தகரப் பெட்டி போதும். வாடிக்கையாளர் யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை, அவர்கள் கேட்பது ஒன்றே: "தம்பி, பிள்ளைக்கு வளைகாப்பே வந்துட்டு, கல்யாண வீடியோ எப்பம் வரும்?"

இவ்வளவும் வாங்க வக்கில்லை எனின், பிராக்ஸி என்னும் வழி உண்டு. மூலவர் கருவறையிலேயே இருக்க உற்சவர் வீதியுலா வருவதுபோல, 4கே மூலக் கோப்பை அசைக்காமல் அதன் சிறிய நகலை வைத்து வெட்டி ஒட்டுவது. கடைசி ரெண்டர் மட்டும் மூலவரிடமிருந்து. நகல் எடுக்கும் வேலையை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். பழைய கணினியிலும் இது நடக்கும், செலவில்லை. செலவில்லாததனாலேயே கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

வாங்கும் காலம் ஆடி. முகூர்த்தம் கிடையாது, தேங்கிய கல்யாணங்களை முடிக்க நாள் கிடைக்கும். ஊரே தபசுத் திருவிழாவில் இருக்கையில், கடைக்குள் ஒருவர் ரெண்டர் பட்டை தொண்ணூற்றொன்பதில் நிற்பதைப் பார்த்து ஒற்றைக்கால் தபசிருப்பார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் காட்சி கிட்டாது. ஆகவே, பட்ஜெட்டில் மீதி இருந்தால் யுபிஎஸ் வாங்குக. மீதி இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யுபிஎஸ் வாங்குக.