பார்த்தல்: மூன்று ஆங்கில வினைகள் குறித்து ஒரு முன்னாய்வு

தமிழில் எதையும் பார்க்கலாம். டிவி பார்க்கலாம், ஜாதகம் பார்க்கலாம், உத்தியோகம் பார்க்கலாம். இங்கிலீஷில் அந்தத் தாராளம் கிடையாது. கண்ணைத் திறந்த உடனே, செய்வது சீயா, லுக்கா, வாட்ச்சா என்று முடிவுகட்டியாக வேண்டும். இம்மூன்றின் எல்லைகளை வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். (நோக்குதலைக் கம்பன் மிதிலைக்கு எழுதிவைத்துவிட்டதால் அது இங்கே சேர்க்கப்படவில்லை.)

இலக்கண வாத்தியார்கள் சொல்வது இது: தானாகக் கண்ணில் படுவது சீ, வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது லுக், நடப்பதைக் கண்ணெடுக்காமல் தொடர்வது வாட்ச்.

இதைச் சோதிக்கப் பெண் பார்க்கும் வீட்டுக் கூடத்தைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. பையன் ஜமக்காளத்தின் கோடுகளை லுக் செய்கிறான். காபித் தட்டோடு வருகிறவளின் கால்விரல் மட்டும் அவனுக்கு சீ ஆகிறது. அத்தையோ தட்டு நடுங்குகிறதா, டம்ளர் தளும்புகிறதா, குனியும்போது பின்னல் எதுவரை வருகிறது என்று சகலத்தையும் வாட்ச் செய்கிறார். சித்தப்பாவுக்குக் கேசரி சீ ஆன பிறகு வேறெதுவும் ஆகவில்லை. திரும்பும்போது மூவரும் கூசாமல் சொல்வது: “பொண்ணப் பாத்தாச்சு.” இங்கிலாந்துக் கோர்ட்டில் இந்தச் சாட்சியம் நிற்காது.

விதிவிலக்குகளும் உண்டு. சினிமாவைக் கொட்டகையில் சீ செய்யலாம், வாட்ச்சும் செய்யலாம். டிவி முன்னால் உட்கார்ந்தால் வாட்ச் மட்டுமே. டிக்கெட் வாங்கியவருக்குத்தான் தேர்வுரிமை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. டாக்டருக்கு சீ. தானாகக் கண்ணில் படுவதுதான் சீ என்றால், டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சைத் தேய்த்தபின் கண்ணில் படுவதை என்னவென்பது? வாத்தியார்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரை லுக் செய்தபடியே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், நம்மை சீ செய்ததாகவே கணக்கு. ஃபீஸிலும் தள்ளுபடி இல்லை.

இந்தத் தொல்லையைத் தீர்க்க முன்வந்தவர் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயரேதான். 1930இல் அவர் வெளியிட்ட பேசிக் இங்கிலீஷில் மொத்தச் சொற்களே 850, வினைச்சொற்கள் 18. அந்தப் பதினெட்டில் சீ தேறியது. லுக்கைப் பெயர்ச்சொல்லாகப் பதவியிறக்கினார். வாட்ச் கடிகாரமாக மட்டும் பிழைத்தது. ஆக, அங்கேயும் ஒருவர் நம் வழிக்கு வந்திருக்கிறார். 1943இல் ஹார்வர்டில் சர்ச்சில்கூடப் பரிந்து பேசினார். ஊர்தான் கேட்கவில்லை.

எஞ்சுவது கண்ணுக்கே வேலையில்லாத பார்: உப்புப் பார்ப்பது, சட்டையைப் போட்டுப் பார்ப்பது, மச்சானிடம் கடன் கேட்டுப் பார்ப்பது. இவற்றை மேற்கண்ட மூன்றில் எதிலும் அடைக்க முடியவில்லை. தனி ஆய்வு தேவை. ஏதேனும் பல்கலைக்கழகம் நிதி ஒதுக்கினால் செய்து பார்க்கலாம்.