அப்பாயிக்கும் ஒரு சீட்டு

தீவுத்திடல் பொருட்காட்சியில் நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினச் சீட்டு வேறு. வாசலில் சின்னத் தொகை கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். போனபின் ராட்சத ராட்டினம் ஏறுவதா, டோரா டோரா ஏறுவதா, ஒன்றிலும் ஏறாமல் டெல்லி அப்பளம் தின்றபடி வேடிக்கை பார்ப்பதா என்பது அவரவர் விருப்பம். தமிழக அரசின் சுற்றுலாத் துறை நடத்திய அந்தப் பொருட்காட்சிதான் எங்களைப் போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்குத் தீம் பார்க். அந்தப் பெயர் அப்போது எங்கள் ஊர் வரை வந்திருக்கவில்லை.

1980களின் கடைசியில், பொங்கல் விடுமுறையை ஒட்டிக் கும்பகோணத்திலிருந்து கிளம்பினோம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஒரு மாதம் முன்னாலேயே நீள நோட்டில் பக்கம் ஒதுக்கிவிட்டார். அப்பாவின் கணக்கில் ஊரும் தேதியும் பிறகுதான் வரும். முதலில் ஆள். அந்த வரிசையில் முதல் ஆள் அவருடைய அம்மா, எங்கள் அப்பாயி. அப்பாயி வருவதா வேண்டாமா என்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசவேண்டிய விஷயமாகவே அது இல்லை.

இரவு திருவள்ளுவர் பஸ். விடியற்காலை பாரிமுனையில் இறங்கி எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜ். டபுள் ரூம் ஒன்று, கூடுதலாக இரண்டு பாய், தலையணை. அந்த லாட்ஜ்களின் அருமை இன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்குகிறது. 24 மணி நேரக் கணக்கு அங்கே. காலை ஐந்து மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஐந்து மணி வரை அறை நம்முடையது. இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கிழவியும் குழந்தைகளும் போனவுடன் குளிக்கலாம், கொஞ்சம் கண்ணயரலாம், கட்டிக்கொண்டு வந்த இட்லியைத் தின்னலாம். ராத்திரி பஸ்ஸில் வந்து மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்பும் சனங்களை மனத்தில் வைத்து ஏற்படுத்திய முறை அது. ஒரு நாள் வாடகைக்குள் ஒரு பகல் முழுதும் கையில் கிடைக்கும்.

பகலில் விஜிபி கோல்டன் பீச், மாலையில் பொருட்காட்சி. தவணை முறையில் பொருள் விற்றுப் பேர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தார் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக அமைத்த இடம். அங்கே சிலை மனிதரைப் பார்க்காமல் யாரும் திரும்பியதில்லை. தலைப்பாகையும் பெரிய மீசையுமாக, கண் இமை தவிர எதுவும் அசையாமல் நிற்பார். கோமாளித்தனம் செய்தும் கேலி பேசியும் அவரைச் சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள் இளவட்டங்கள். நாங்களும் முயன்றோம். அப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். “காலு வலிக்கலையாப்பா? சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அவர் அசையவில்லை. “சோறாவது உண்டா இல்லியா ஒனக்கு?” என்று மறுபடி கேட்டாள். எங்களோடு சேர்ந்து சுற்றியிருந்த பையன்களும் கேலியை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ பேர் வேடிக்கை பார்த்த ஒருவரிடம் பசிக்கிறதா என்று கேட்க அன்று ஒரு கிழவி வரவேண்டியிருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பயணம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் ராட்டினத்தைப் பற்றிப் பேசுவதில்லை, இதைத்தான் பேசுகிறோம்.

சாயங்காலம் பொருட்காட்சியில் ஆளுக்கு இரண்டு ராட்டினம் என்று அப்பா அளந்து வைத்திருந்தார். மரணக் கிணறு எல்லோருக்கும் பொது. அப்பாயி எதிலும் ஏறவில்லை. ராட்சத ராட்டினத்தின் அடியில் எங்கள் செருப்பு, பை, தண்ணீர்க் கூஜா எல்லாவற்றையும் கால்மாட்டில் குவித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் தொட்டி மேலே போகும்போதெல்லாம் கையை ஆட்டினாள். நாங்கள் உச்சியிலிருந்து அவளைத்தான் தேடினோம். கீழே நமக்கென்று ஓர் ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் மேலே போவதற்கு ருசி. ஏறியவர்களுக்கு இது தெரியும்.

அதன்பின் காலம் வேகமாக ஓடியது. 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரம் பக்கத்தில் 1995இல் கிஷ்கிந்தா என்ற தீம் பார்க்கைத் திறந்தார். வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் தொடங்கினார். 2005இல் பெங்களூரு பிடதியில் வொண்டர்லா வந்தது. 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே திருப்போரூர் இள்ளலூரிலும் வந்துவிட்டது: 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு. தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு கால் அந்தரத்தில் ஆட ஓடும் ரோலர் கோஸ்டர் அங்கே இருக்கிறது, சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்தது. பொருட்காட்சி ராட்டினத்தில் இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு ‘பிடிச்சுக்கோ’ என்று சொன்ன காலத்தோடு ஒப்பிட்டால், தோளை இறுக்கும் பூட்டும் உயரக் கட்டுப்பாடும் நீச்சல் காவலர்களும் எவ்வளவு பெரிய நிம்மதி. பிள்ளைகளை நம்பி ஏற்றிவிடலாம். அந்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஒரே சீட்டில் எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்பதும் குழந்தைகளுக்குக் கிடைத்த வரம். ஆளுக்கு இரண்டு என்று அளந்துகொடுத்த அப்பா, மூன்றாவதுக்குக் கேட்ட தம்பியின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அந்தச் சங்கடம் இன்றைய தகப்பன்களுக்கு இல்லை.

ஆனால் அதே ஒற்றைச் சீட்டுதான் ஏறாதவர்களை வெளியே நிறுத்திவிட்டது. இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தபோது நுழைவுக்கு ஒரு டாலர்தான், விளையாட்டுகளுக்குத் தனித்தனிச் சீட்டு. 1982இல் அதை எடுத்துவிட்டு எல்லாம் சேர்ந்த ஒரே கட்டணம் ஆக்கினார்கள். உலகம் முழுக்கப் பூங்காக்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே போயின. ஏறுகிறவனுக்கு அது லாபம். பெஞ்சில் உட்காரப் போகிறவளுக்கோ, ஏறாத ராட்டினத்துக்கெல்லாம் சேர்த்துக் காசு.

இந்த வருஷம் திருப்போரூர் வொண்டர்லாவுக்குப் போவதென்று முடிவாகி, திட்டத்தை அண்ணன் மகள் கையில் கொடுத்தோம். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரி. நோட்டு கிடையாது, போனில் அட்டவணை. ஒன்பது பேர். திறப்பின்போது அறிவித்த 1,489 ரூபாயை எல்லோருக்கும் பெரியவர் கட்டணமாகப் போட்டாலே 13,401 வருகிறது. சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் கூடும். வாரநாளில் குறையும். வரிசையில் நிற்காமல் முன்னால் போக ஃபாஸ்ட் டிராக் சீட்டு வேண்டுமென்றால் அதற்கு மேலும் கொடுக்கவேண்டும்.

குழந்தைகளுக்கு இப்போது வயது கணக்கில்லை, உயரம்தான். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம். தம்பி மகனைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்தாள். பதினொரு வயதுப் பையன், 143. அரசு பஸ்ஸில் பன்னிரண்டு வயதுவரை அரை டிக்கெட். ஆக, அதே பிள்ளை பஸ்ஸில் அரை ஆள், பூங்காவில் முழு ஆள். பையனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

ரூம் விஷயத்தில்தான் அவள் ரொம்பச் சிரமப்பட்டாள். ஊரிலிருந்து வரும் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்தபின் தெற்கிலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் போகத் தேவையில்லை. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூர் போய்விடலாம். அதனால் எழும்பூர் வேண்டாம், ஓஎம்ஆர் பக்கமே தங்கலாம் என்றாள். சரியான யோசனை. ஆனால் போனில் காட்டிய அறைகள் எல்லாவற்றிலும் பகல் 12 மணிக்குத்தான் செக்-இன், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்யவேண்டும். பஸ் விடியற்காலை ஐந்துக்கு வந்துவிடும். பூங்கா முற்பகலில் திறந்து சாயங்காலம் மூடிவிடும். நடுவில் ஏழு மணி நேரம் ஒன்பது பேர் எங்கே உட்காருவது? எங்கே பல் விளக்கி, எங்கே குளிப்பது? முன்கூட்டியே அறை வேண்டுமென்றால் அரை நாள் வாடகை. மூன்றாவது ஆளுக்குத் தனிப் பணம். 2022 ஜூலையில் ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைகளுக்கும் 12 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பரில் அதை 5 ஆக்கினார்கள். அந்தக் குறைப்பு நல்லது. ஆனால் எளிய குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி, அந்தப் பழைய 24 மணி நேரக் கணக்கு. அதை மனமறிந்து இன்னும் காப்பாற்றி வருகிற சிறு லாட்ஜ்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கோயில் இருக்கும் ஊர்களில் அவர்களைத் தேடினால் கிடைப்பார்கள், போனில் படம் போடமாட்டார்கள். நேரில் ஒருவரை அனுப்பிக் கேட்கவேண்டும்.

எல்லாம் கூட்டிக் கழித்தபின் அவள் அட்டவணையில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் நீக்கவில்லை. எங்கள் அம்மாவே சொல்லிவிட்டாள்: “நான் எதுக்கு? எனக்கு முட்டி வலி. ஒண்ணுலயும் ஏறமாட்டேன். காசத் தண்டம் பண்ணாதீங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன்.” மூத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று சொல்லிப் பார்த்தோம். “சலுகைன்னாலும் காசுதானே” என்றாள். அண்ணன் மகளும், “பாவம், அப்பாயி அங்க வந்து என்ன பண்ணும், அத்தை?” என்றாள். அன்பாகத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கூட்டுறவுச் சங்கச் சம்பளத்தில் ஏழு பேர் போனோம், ஒருவரும் விடுபடவில்லை. இன்று வீட்டில் நான்கு சம்பளம் வருகிறது, அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். விலைவாசியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. சீட்டை வகுத்திருக்கும் விதம் அப்படி. ஏறுகிறவர்தான் விருந்தாளி, பார்க்கிறவருக்கு அங்கே வேலை இல்லை என்று அது சொல்லுகிறது. பையை வைக்க லாக்கர் வாடகை, சாப்பாட்டுக்கு உள்ளேயே உணவகம். கட்டுச்சோறு பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். அப்பாயி செய்த காரியம் ஒவ்வொன்றுக்கும் இப்போது தனிக் கட்டணம் இருக்கிறது.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் டிவோலி என்ற பூங்கா 1843இல் தொடங்கியது. இன்றும் அங்கே நுழைவுச் சீட்டு தனி, விளையாட்டுச் சீட்டு தனி. தோட்டத்தைப் பார்க்க, பேரப் பிள்ளை ஏறுவதைப் பார்க்க, சும்மா உட்கார வருகிறவர்கள் நுழைவுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கிட்டத்தட்ட இரு நூற்றாண்டாக அந்தப் பூங்கா நொடித்துப் போகவில்லை. தீவுத்திடலும் அதே முறையில்தான் லட்சக்கணக்கான குடும்பங்களை வரவேற்றது. பார்வையாளர் சீட்டு என்று ஒன்றை நம் பூங்காக்கள் வைக்கவேண்டும். நுழைவுக்கும் நிழலுக்கும் உண்டானதை மட்டும் வாங்கட்டும். கையில் ஒரு பட்டை கட்டிவிட்டால் ராட்டினப் பக்கம் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பது தெரிந்துவிடும். நுழைவுக் கட்டணத்தின் மேல் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டியை 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைக்கவைத்த பூங்காத் துறைக்கு இதைச் செய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை.

அது வரும்வரை என்ன செய்வது? அம்மாவுக்கும் சீட்டு எடுத்தாகவேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பணத்துக்கு ஃபாஸ்ட் டிராக்கை விட்டுவிடுவோம். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும். வாரநாளாகப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை வைப்போம். அண்ணன் முதலில் யோசித்தான், பிறகு சரி என்றான். தம்பி திருப்போரூருக்கே போய் 24 மணி நேரக் கணக்கில் இரண்டு அறை பேசிவிட்டு வந்தான்.

அம்மாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. அண்ணன் மகளிடம் கேட்டாள்.

“சேலையோட உள்ள விடுவாங்களாடி? கேட்டுச் சொல்லு. அந்த நைலான் சட்டையெல்லாம் என்னால போட முடியாது.”

“அது தண்ணிக்குள்ள இறங்குறவங்களுக்குத்தான் அப்பாயி. நீ சேலையிலயே வா.”

“அப்ப சரி. விடியக்காலம் போய்ச் சேந்துருவோம்ல? குளிச்சிட்டுக் கந்தசாமி கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம். அங்க தொறக்கத்தான் நேரமாகும்னியே.”

அண்ணன் மகள் போனை எடுத்து, காலை ஏழு மணிக்குக் கோயில் என்று சேர்த்துக்கொண்டாள்.