நிலவின் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: உலகில் நாள்தோறும் எங்கேனும் நிலம் நடுங்குகிறதாமே, பௌர்ணமியும் அமாவாசையும்தான் அதைத் தூண்டுகின்றன என்பது உண்மையா?

பதில்: அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 20,000, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 நிலநடுக்கங்கள் பதிவாகின்றன என்பதால், எந்தத் திதியைச் சுட்டினாலும் சாட்சி சொல்ல ஒரு நடுக்கமாவது வந்து நிற்கும். கண்டத்தட்டுகள் எனப்படும் புவியோட்டின் பெருந்துண்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து, பாறைப் பிளவுகளில் நெடுங்காலமாகச் சேர்த்துவைக்கும் தகைவு, அதாவது பாறைக்குள் தேங்கும் விசை, பிளவின் பிடிப்பை மீறும்போதுதான் நிலம் நடுங்குகிறது. நிலவும் கதிரவனும் கடலை மட்டுமன்றித் திண்ணிலத்தையும் சற்றே ஏற்றி இறக்குகின்றன என்றாலும், அதனால் கூடும் தகைவு சில கிலோபாஸ்கல் அளவே. நிலநடுக்கத்தில் விடுபடுவதோ மெகாபாஸ்கல் அளவு, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

ஆயினும், உடையும் தறுவாயிலுள்ள பிளவுக்குச் சிறு உந்துதலும் போதும் என்பதால் நிலவை முற்றிலும் விடுவிக்க இயலாது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், பார்க்ஃபீல்டு அருகே ஆழத்தில் எழும் மென்னதிர்வுகள், நிலவும் கதிரவனும் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கமாகிய ஓதத்திற்கேற்பக் கூடிக் குறைகின்றன. பிளவைச் சீண்டுவது நிலவு மட்டுமன்று: நேபாள இமயத்தில், பருவமழை நீரின் சுமை கங்கைச் சமவெளியை அழுத்தும் மாதங்களில் சிறு நடுக்கங்கள் குறைந்து, குளிர்காலத்தில் மிகுகின்றன. 1992இல் கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் நிலநடுக்க அலைகள், 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எல்லோஸ்டோனிலும் நடுக்கங்களைத் தூண்டின.

ஆகவே முதற்குற்றவாளி கண்டத்தட்டுகளே. நிலவு சிறு உடந்தை மட்டுமே. நாள் குறித்து முன்னறிவிக்கும் முறை எவரிடமும் இல்லை; அதிர்வைத் தாங்கும் வீட்டைக் கட்டும் முறை உண்டு, அதற்குத் திதி பார்க்க வேண்டியதில்லை.